பழியிலே பிறந்து பலருக்குத் தாயானவர்



ஆங்கில இலக்கியம் கற்ற உங்களிற் சிலர், நதானியேல் ஹோதோர்ண் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1850ஆம் ஆண்டிலே வெளியிட்ட த ஸ்காலெற் லெற்றர் என்ற நாவலைப் படித்திருப்பீர்கள். கருஞ்சிவப்பு எழுத்து என்பது அப்பெயரின் பொருள். 17ஆம் நூற்றாண்டிலே பியூரிட்டன் என்னும் கண்டிப்பான புரட்டஸ்தாந்து சபையினர் குடியேறி ஆண்ட பொஸ்ரன் நகரிலே கதை நடக்கிறது. ஹெஸ்ரர் பிறின் என்ற பெண், கணவன் உடன் இல்லாத காலத்திலே ஒரு குழந்தைக்குத் தாயாகிறாள். ஊர் கூடித் தீர்ப்புச் சொல்கிறது. கைக்குழந்தையோடு அவளைச் சந்தைவெளி மேடையிலே ஏற்றி, எல்லாரும் பார்க்க மூன்று மணி நேரம் நிற்க வைக்கிறார்கள். அவள் செய்த குற்றத்தின் முதலெழுத்தைச் சிவப்புத் துணியிலே வெட்டி, உயிருள்ள வரையும் நெஞ்சிலே அணிந்திருக்க வேண்டுமென்று கட்டளை இடுகிறார்கள். பின்னர் குழந்தையையும் அவளிடமிருந்து பிரித்துவிட எண்ணுகிறார்கள். குழந்தையின் தகப்பனோ அவ்வூர் மக்கள் பெரிதும் மதிக்கும் போதகர். அவர் வாய் திறக்கவில்லை.

அந்நிய தேசத்துப் பழங்கதை என்று இதைத் தள்ளிவிட வேண்டாம். 1816ஆம் ஆண்டிலே நம் குடாநாட்டுக்கு வந்து, பின்னர் வட்டுக்கோட்டையிலும் உடுவிலிலும் கல்விக்கூடங்கள் அமைத்த அமெரிக்க மிசனைச் சேர்ந்தவர்களை அனுப்பியது, பொஸ்ரன் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட சங்கமே. அவர்கள் அந்தப் பியூரிட்டன் சபையினரின் வழித்தோன்றல்கள். ஆதலால் ஹெஸ்ரரின் ஊர் நமக்கு அவ்வளவு தூரமும் அல்ல.

அன்றியும், நம்மிடையே அந்த எழுத்தைத் துணியிலே வெட்டித் தைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. தமிழருடைய பெயருக்கு முன்னால் தகப்பனின் பெயரின் முதலெழுத்து நிற்கிறது. அந்த எழுத்து இல்லாத பிள்ளையைப் பாடசாலைப் பதிவேடு கேட்கும், கலியாணம் பேச வந்தவர் கேட்பார், உத்தியோக விண்ணப்பம் கேட்கும். நம் நாட்டுப் பிறப்புச் சான்றிதழிலே, பெற்றோர் விவாகமானவர்களா என்று கேட்கும் ஒரு கூடு நெடுங்காலமாக இருந்து வந்தது. அந்தக் கூட்டிலே இல்லை என்று எழுதப்பட்ட பிள்ளை, ஒவ்வொரு அலுவலகத்திலும் அந்தத் தாளை நீட்டும்போது தன் தாயை மேடையேற்றுகிறது. இருபதிலும் நாற்பதிலும் அறுபதிலும் அது ஓயவில்லை.

இப்படி ஒரு பழியின் நிழலிலே பிறந்து, அதை மறைத்துக்கொண்டு தான் மட்டும் தப்பிப் போகாமல், தன்னைப் போலப் பிறந்த பெண் பிள்ளைகளின் தலையிலிருந்தும் அதை இறக்கி வைக்க வாழ்நாள் முழுவதும் பாடுபட்ட ஒரு தமிழ்ப் பெண்ணின் வரலாற்றையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார்.

தாயின் குலம்

முத்துலட்சுமி 1886ஆம் ஆண்டு யூலை மாதம் 30ஆம் திகதி, தமிழ்நாட்டின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்திலே பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், கற்றறிந்த பிராமணர், அவ்வூர் மகாராசாக் கல்லூரியின் தலைவராக இருந்தவர். தாய் சந்திரம்மாள், கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட தேவதாசிகளின் குலத்திலே பிறந்தவர்.

தேவதாசி முறை என்னவென்று இளம் வாசகருக்குச் சிறிது விளக்க வேண்டும். நம் ஊர்த் திருவிழாக்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து சின்னமேளம் வந்த காலத்தைப் பற்றி முதியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்த ஆடற் கலைஞர் பிறந்த மரபே இது. பருவமடையுமுன் சிறுமியின் கழுத்திலே கோயிலில் வைத்துப் பொட்டுக் கட்டுவார்கள். அதன் பின் அவள் எந்த மனிதனையும் மணக்க இயலாது. ஆடலும் பாடலும் கற்பாள். கோயில் அவளுக்கு மானியமாக நிலத்தைக் கொடுக்கும். மற்றக் குலத்துப் பெண்களுக்கு எழுத்தறிவும் சொத்தும் மறுக்கப்பட்ட நாளிலே இவர்களுக்கு இரண்டும் இருந்தன. ஆனால் நிலமும் பணமும் படைத்த ஆண்கள் இவர்களை ஆசைநாயகியராக வைத்துக்கொண்டார்கள். பிறந்த பிள்ளைகள் தாயின் பெயராலே அறியப்பட்டனர். வந்து போன ஆண் தன் வீட்டிலே மதிப்போடு இருந்தான். பழி முழுவதும் பெண்ணுக்கும் அவள் பிள்ளைகளுக்கும் போய்ச் சேர்ந்தது.

நாராயணசாமி ஐயர் அப்படி வந்து போகவில்லை. சந்திரம்மாளை மனைவியாக ஏற்று, பிள்ளைகளைத் தம் பிள்ளைகளென்று வெளிப்படையாக வளர்த்தார். அதற்காக அவருடைய உறவினர் அவரை ஒதுக்கி வைத்தனர். ஹெஸ்ரரின் கதையிலே போதகர் வாய் திறந்திருந்தால் அந்தக் குழந்தையின் வாழ்வு எப்படி மாறியிருக்கும் என்பதற்கு, இந்தத் தந்தையின் செயல் ஒருவாறு விடை சொல்கிறது. எனினும் தந்தையின் பெயர் கிடைத்ததனாலே மாத்திரம் ஊரின் பார்வை மாறிவிடவில்லை.

திரைக்குப் பின்னால் ஒரு மாணவி

பெண் பிள்ளைக்குக் காலத்தோடு கலியாணம் செய்து வைத்துவிட வேண்டுமென்பது சந்திரம்மாளின் எண்ணம். குலத்தின் பழி தெரிந்த தாய், மகளுக்கு ஒரு கணவனின் பாதுகாப்பைத் தேடியதிலே வியப்பில்லை. மகளோ படிக்க விரும்பினார். தந்தை துணை நின்றார். பருவமடைந்த பின் பாடசாலைக்குப் போக இயலாமல் வீட்டிலிருந்தே படித்து, 1902ஆம் ஆண்டிலே மெற்றிக்குலேசன் பரீட்சையில் முத்துலட்சுமி சித்தியெய்தினார்.

அடுத்தது கல்லூரி. புதுக்கோட்டை மகாராசாக் கல்லூரி ஆண்களுக்கானது. அங்கே ஒரு பெண் விண்ணப்பித்தவுடன் எதிர்ப்புக் கிளம்பியது. மாணவரின் பெற்றோர் முறையிட்டனர். ஆசிரியர் தரப்பிலும் முணுமுணுப்பு எழுந்தது. பெண் என்பது ஒரு காரணம், அவருடைய தாயின் குலம் மற்றொரு காரணம். இப்படிப்பட்ட பிறப்புடையவள் வகுப்பிலே இருந்தால் தங்கள் ஆண் பிள்ளைகள் கெட்டுப்போவார்களென்று அஞ்சினார்கள். அந்தக் குலத்துப் பெண்களைக் கெடுத்தவர்கள் எந்த வீட்டு ஆண்களென்று எவரும் கேட்கவில்லை. இறுதியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி வழங்கினார். 1904ஆம் ஆண்டிலே முத்துலட்சுமி கல்லூரியிற் சேர்ந்தார். மூடிய வண்டியிலே போய், வகுப்பிலே திரைக்குப் பின்னால் அமர்ந்து பாடங்கேட்டார்.

வாசகரே, பொஸ்ரன் நகரத்தார் பெண்ணை மேடையேற்றி எல்லாருக்கும் காட்டினார்கள். புதுக்கோட்டையார் பெண்ணைத் திரையிட்டு எல்லாரிடமிருந்தும் மறைத்தார்கள். முறை வேறாயினும், குற்றம் பெண்ணின் உடலிலேதான் குடியிருக்கிறது என்ற நினைப்பு இரு ஊராருக்கும் பொதுவானது.

வைத்தியரும் தாயும்

1907ஆம் ஆண்டிலே அவர் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து, 1912ஆம் ஆண்டிலே பல பரிசுகளோடும் பதக்கங்களோடும் பட்டம் பெற்று வெளியேறினார். மருத்துவப் பட்டம் பெற்ற முதல் இந்தியப் பெண்களுள் அவரும் ஒருவர். உடனே சென்னை அரசாங்கப் பிரசவ ஆஸ்பத்திரியிலே பணி ஏற்றார். தாய் என்ற சொல்லைக் கவிதையிலே போற்றும் ஒரு சமூகம், பிள்ளை பெறும் பெண்ணை எந்த நிலையிலே ஆஸ்பத்திரி வாசலுக்குக் கொண்டுவந்து விடுகிறது என்பதை அவர் நேரிலே கண்டார். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுத் தாய்மாரைப் பார்த்த அந்த நாட்களே பின்னாளிலே அவரைச் சிறுவர் திருமணத்துக்கு எதிராக வாதாடச் செய்தன.

தம் திருமணத்தைப் பற்றி அவருக்கு நெடுநாள் தயக்கம் இருந்தது. கடைசியில் 1914ஆம் ஆண்டிலே டொக்டர் சுந்தர ரெட்டி என்னும் வைத்தியரை மணந்தார். அதற்கு ஒரு நிபந்தனையும் வைத்தார். தம்மைச் சரிசமமாக நடத்த வேண்டும், தம் பொதுப்பணியைத் தடுக்கக்கூடாது. கணவர் அதற்கு இசைந்து, இறுதிவரை சொல்லைக் காத்தார். சாதி வேறுபாட்டைப் பாராட்டாத அந்தத் திருமணம் 1872ஆம் ஆண்டின் விவாகச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட்டது. அவர்களுக்கு இரண்டு ஆண் மக்கள் பிறந்தனர். தாயின் தலைமுறைக்குக் கிடைக்காத பதிவுத் தாள் மகளின் பிள்ளைகளுக்குக் கிடைத்தது.

இங்கே அவர் நின்றிருக்கலாம். நல்ல கணவர், பிள்ளைகள், பெயர் பெற்ற தொழில், சென்னைப் பட்டினத்திலே மதிப்பான வீடு. புதுக்கோட்டைத் தெருவை நினைவூட்டுபவர் எவருமில்லை. பழியிலிருந்து மீண்டவர்கள் பெரும்பாலும் அந்தத் தெருவைத் திரும்பிப் பார்ப்பதில்லை. தம்மைப் போலப் பிறந்த மற்றவர்களைக் கண்டால் முதலிலே முகந்திருப்புகிறவர்களும் அவர்களே. முத்துலட்சுமி திரும்பிப் பார்த்தார்.

சட்டசபையிலே

1925ஆம் ஆண்டிலே மேற்படிப்புக்காக இங்கிலாந்து சென்று திரும்பிய அவரை, இந்திய மாதர் சங்கத்தின் வேண்டுகோளின்படி அரசாங்கம் சென்னைச் சட்டசபைக்கு நியமித்தது. பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட இந்தியாவிலே சட்டசபை உறுப்பினரான முதற் பெண் அவரே. சபையோர் அவரை உப தலைவராகவும் தெரிந்துகொண்டனர். 1927ஆம் ஆண்டிலே, சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்த வேண்டுமென்ற தீர்மானத்தை அவர் கொண்டுவந்தார். அது நிறைவேறியது. ஆனால் தீர்மானம் சட்டம் ஆகாது.

அவருடைய மதிநுட்பத்தை 1929ஆம் ஆண்டின் சட்டத்திலே காணலாம். ஒரு தாய் தன் மகளை ஏன் பொட்டுக் கட்டக் கொடுக்கிறாள் என்று அவர் ஆராய்ந்தார். தாய்ப்பாசம் இல்லாமையாலா? இல்லை. குடும்பத்துக்குச் சோறு போடும் கோயில் மானிய நிலம், ஊழியத்துக்கு ஒரு பெண் இருக்கும் வரைதான் அவர்கள் கையிலே நிற்கும். தாய் முதுமையடைந்ததும் மகள் அந்த இடத்துக்கு வராவிட்டால் நிலம் போய்விடும், குடும்பம் தெருவிலே நிற்கும். ஆகவே முதலிலே நிலத்தையும் ஊழியத்தையும் கட்டிவைத்த முடிச்சை அவிழ்க்க வேண்டியிருந்தது. இந்து அறநிலையச் சட்டத்துக்குக் கொண்டுவந்த திருத்தத்தின் மூலம், ஊழியம் என்ற கட்டு நீங்கி அந்நிலங்கள் அவற்றை அனுபவித்த பெண்களுக்கே உரியனவாக வழிசெய்தார். மகளைக் கொடுக்காமலே நிலத்தை வைத்திருக்கலாம் என்ற நிலை வந்தது. தாயைத் திட்டி மகளை மீட்க இயலாது, தாயின் கையைக் கட்டியிருப்பதை அறுத்தாலே மகள் மீள்வாள் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

எதிர்ப்பும் வந்தது. கோயில் மரபு கெட்டுவிடும், கலை அழிந்துவிடும் என்று சட்டசபையிலும் வெளியிலும் பெயர் பெற்ற மனிதர் சிலர் வாதாடினர். அவர்களுடைய வாதத்தை நாம் எளிதிலே ஒதுக்கிவிடலாம். தங்கள் வீட்டுப் பெண் பிள்ளையைக் கொடுக்க அவர்களுள் எவரும் ஆயத்தமாக இருக்கவில்லை. ஆனால் வேறொரு எதிர்ப்பை அப்படி ஒதுக்க இயலாது. தேவதாசிப் பெண்களே சங்கங்கூடி அரசாங்கத்துக்கு விண்ணப்பம் அனுப்பினர். திருவையாற்றிலே தியாகராசருக்குச் சமாதிக்கோயில் எழுப்பிய இசைப்பேரரசி பெங்களூர் நாகரத்தினம்மாள் அவர்களுள் ஒருவர். தங்களிற் கலைக்காகவும் கோயிலுக்காகவும் வாழ்ந்தோர் பலர் இருக்க, எல்லாரையும் விலைமாதரென்று ஒரே சொல்லாலே சுடுவது நீதியோ என்று அவர்கள் கேட்டார்கள். ஒரு பழியைத் துடைக்கப் புறப்பட்டவர்களின் பேச்சே அவர்களுக்கு இன்னொரு பழியாக விழுந்தது. சட்டசபை விவாதங்களிலே அவர்களுடைய வாழ்வு ஊரறிய அலசப்பட்டது. மேடையேற்றியவர்கள் இம்முறை நல்லெண்ணம் படைத்தவர்கள் என்பதுதான் வேறுபாடு.

அதே குலத்திலே வேறு குரலும் ஒலித்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார், அந்த வாழ்வின் துன்பத்தைத் தாமே அனுபவித்தவர், ஊர் ஊராகச் சென்று பொட்டுக் கட்டுதலை எதிர்த்துப் பேசினார். 1936ஆம் ஆண்டிலே அதைப் பற்றி ஒரு நாவலும் எழுதினார். ஆகவே, ஒரு பக்கம் நல்லவர், மறு பக்கம் தீயவர் என்று இந்த வழக்கைப் பிரித்துவிட இயலாது. முத்துலட்சுமி அம்மையாரைப் போற்றும் நாமும் இதை மறைக்காமற் சொல்வதே முறை.

கதவைத் தட்டிய பிள்ளைகள்

1930ஆம் ஆண்டிலே காந்தியடிகள் உப்புச் சத்தியாக்கிரகத்திலே கைதானபோது, முத்துலட்சுமி அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பொட்டுக் கட்டுதலை முற்றாகத் தடுக்க அவர் கொண்டுவந்த மசோதா அதனாலே நிறைவேறாமற் கிடந்தது. அம்மையாரின் அரசியல் வாழ்விலே அது தோல்வியென்று சொல்லத்தக்க காலம்.

அந்தக் காலத்திலேதான், தேவதாசிக் குலத்துச் சிறுமியர் சிலர் பொட்டுக் கட்டுதலுக்குத் தப்பி, அவருடைய வீட்டைத் தேடி வந்தனர். சட்டம் கொண்டுவந்தவரிடம் போனால் வழி பிறக்குமென்று நம்பி வந்த பிள்ளைகள். அம்மையார் அவர்களுக்குப் பெண்கள் விடுதியிலே இடம் தேடினார். குலத்தைக் கேட்டதும் இடமில்லை என்றார்கள். மேடைகளிலே இந்தப் பிள்ளைகளுக்காக இரங்கிப் பேசும் நகரம், அவர்களைத் தன் பிள்ளைகளோடு ஒரே கூரையின் கீழ்ப் படுக்க விடவில்லை.

அம்மையார் அவர்களைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொண்டார். வீடு விடுதியாயிற்று. அதற்கு ஔவை இல்லம் என்று பெயரிட்டார். பின்னர் அது அடையாறிலே தனியிடத்தில் வளர்ந்தது. குலம், சாதி எதுவும் கேளாமல், கைவிடப்பட்ட பெண் பிள்ளைகளும், கணவனால் ஒதுக்கப்பட்டவர்களும், இளம் விதவைகளும், அநாதைகளும் அங்கே ஏற்கப்பட்டனர். படித்து ஆசிரியராகவும் தாதியராகவும் வெளியேறினர். அந்த இல்லம் இன்றும் பாடசாலையோடு நடைபெறுகிறது.

சட்டசபையிலே பேசியதைவிடக் கடினமான காரியம் இது என்பதை, வீட்டிலே பெண் பிள்ளை வளர்க்கும் வாசகர் அறிவர். அந்தச் சிறுமியரை ஏற்றுக்கொண்ட நாள் முதல், அம்மையார் தமது பிறப்பைப் பற்றி ஊர் மறந்திருந்ததைத் தாமே நினைவூட்டினார். அதன் விலையை அவர் அறிந்தே கொடுத்தார்.

ஹோதோர்ணின் நாவலின் முடிவிலும் இதை ஒத்த ஒரு செய்தி உண்டு. ஊரை விட்டுப் போய் நிம்மதியாக வாழ்ந்திருக்கக்கூடிய ஹெஸ்ரர், முதிய வயதிலே திரும்பி வருகிறாள். துன்பப்பட்ட பெண்கள் அவளுடைய குடிசையைத் தேடி வந்து ஆறுதல் கேட்கிறார்கள். அது நாவலாசிரியரின் கற்பனை. அடையாறிலே நடந்தது நம் கண்ணெதிரே கட்டிடமாக நிற்கிறது.

சட்டத்தின் வெற்றியும் அதன் விலையும்

சிறுமியரைக் கோயிலுக்கு நேர்ந்துவிடுவதைத் தடுக்கும் சட்டம், இந்தியா விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டிலே சென்னை மாகாணத்திலே நிறைவேறியது. முன்னரே நேர்ந்துவிடப்பட்ட பெண்கள் சட்டப்படி திருமணஞ் செய்யலாம் என்பதையும் அது உறுதிப்படுத்தியது. தீர்மானம் கொண்டுவந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதற்கிடையிலே இன்னொன்று நிகழ்ந்தது. சதிர் என்று இகழப்பட்ட அந்த ஆடல், 1930களிலே பரதநாட்டியம் என்ற பெயரோடு உயர்குலத்தார் வீடுகளுக்குள் நுழைந்தது. ருக்மிணி தேவி அருண்டேல் 1936ஆம் ஆண்டிலே கலாசேத்திராவை நிறுவினார். இன்று நம் யாழ்ப்பாணத்திலே, கத்தோலிக்கக் குடும்பங்கள் உட்பட, எத்தனை வீடுகளிலே மகளின் அரங்கேற்றத்துக்குப் பெருஞ்செலவு செய்து, அழைப்பிதழ் அச்சிட்டு, ஊரைக் கூட்டுகிறோம்! அந்த அடவுகளைத் தலைமுறை தலைமுறையாகக் காத்துத் தந்த பெண்களுக்கு நாம் வைத்திருந்த பெயர் என்ன என்பதை அந்த மண்டபத்திலே எவரும் பேசுவதில்லை. கலை பெருமைக்குரியதாயிற்று. கலையைத் தந்தவர்களிற் பலர் வாய்ப்பின்றி, வருவாயின்றி மறைந்தார்கள். பாலசரசுவதியைப் போன்ற சிலரே தம் மரபின் பெயரோடு உலக மேடைகளிலே நின்றனர்.

மறைக்கப்பட்ட நோய்

அம்மையாரின் தங்கை ஒருவர் புற்றுநோயாலே இறந்தார். அந்த மரணத்தைக் கண்ட நாளிலிருந்து இந்த நோய்க்கு ஒரு தனி ஆஸ்பத்திரி வேண்டுமென்ற எண்ணம் அவரை விடவில்லை. அக்காலத்திலே புற்றுநோயும் ஒரு வகைப் பழியே. அதிலும் பெண்ணின் மார்பிலோ கருப்பையிலோ வந்துவிட்டால் வெளியிலே சொல்லக் கூசி, காலங்கடந்த பின்னரே வைத்தியரிடம் வருவார்கள்.

இங்கே ஒரு ஒற்றுமையைச் சொல்லாமல் விட இயலாது. ஹோதோர்ணின் மகள் ரோஸ், அந்த நாவல் வெளிவந்த மறு ஆண்டிலே, 1851இலே பிறந்தவர். தம் ஒரே மகனைச் சிறு வயதிலே பறிகொடுத்த தாய். 1891ஆம் ஆண்டிலே கத்தோலிக்கத் திருச்சபையிலே சேர்ந்தார். நியூயோர்க் நகரிலே புற்றுநோய் தொற்றுமென்று அஞ்சி ஏழை நோயாளரை வீட்டார் வெளியேற்றிய நாளிலே, அவர்கள் நடுவிலே குடியேறிப் புண்ணைக் கழுவிக் கட்டினார். 1900ஆம் ஆண்டிலே தொமினிக்கன் சபைத் துறவியாகி, அன்னை அல்போன்சா என்ற பெயரோடு, அந்த நோயாளருக்கென்றே ஒரு கன்னியர் சபையை நிறுவினார். 1926ஆம் ஆண்டிலே இறந்தார். பழியைப் பற்றி எழுதியவரின் மகளும், பழியிலே பிறந்த மகளும், ஒருவரை ஒருவர் அறியாமலே ஒரே நோயாளியின் கட்டிலருகே வந்து நின்றார்கள்.

முத்துலட்சுமி அம்மையார் பல ஆண்டுகள் நிதி திரட்டினார். 1952ஆம் ஆண்டிலே பிரதமர் நேரு அடிக்கல் நாட்ட, 1954ஆம் ஆண்டிலே அடையாறு புற்றுநோய் நிலையம் 12 கட்டில்களோடு தொடங்கியது. அம்மையாரின் மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும், மறு ஆண்டிலே வந்து சேர்ந்த டொக்டர் சாந்தாவும் அதைப் பெரிய நிலையமாக வளர்த்தனர். நம் குடாநாட்டிலிருந்தும் பலர் அங்கே வைத்தியம் பெற்றிருக்கிறார்கள். இன்று நமக்குத் தெல்லிப்பழையிலேயே புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. ஆயினும் அந்த நோயின் பெயரைச் சொல்லத் தயங்கும் வீடுகள் நம்மிடையே இன்னும் இருக்கின்றன.

1956ஆம் ஆண்டிலே இந்திய அரசு அவருக்குப் பத்ம பூஷண் விருது அளித்தது. 1968ஆம் ஆண்டு யூலை மாதம் 22ஆம் திகதி, 82 வயது நிறைய எட்டு நாட்கள் இருக்கையிலே, சென்னையிலே அம்மையார் காலமானார். தமிழ்நாட்டிலே ஏழைத் தாய்மாருக்குப் பிரசவ காலத்திலே அரசு வழங்கும் நிதியுதவித் திட்டம் அவருடைய பெயரைத் தாங்கி நிற்கிறது. ஏழைப் பெண் பிள்ளைகளுக்கான திட்டமொன்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரைத் தாங்கியது. எந்தக் குலத்திலே பிறந்ததற்காக இகழப்பட்டார்களோ, அந்தக் குலத்து இரண்டு பெண்களின் பெயரைச் சொல்லித்தான் தமிழ்நாட்டுத் தாய்மார் உதவி கேட்டார்கள்.

நம் வீட்டு வாசலிலே

வாசகரே, மற்றவர் சமயத்தின் குறையைப் பேசிவிட்டு நாம் தப்பிக்கொள்ளலாகாது. திருவருகைக் காலத்தின் இறுதி நாட்களிலே மத்தேயு நற்செய்தியின் முதல் அதிகாரம் நம் ஆலயங்களிலே வாசிக்கப்படுகிறது. நீண்ட அந்தப் பெயர் வரிசையிலே தாமார், ராகாபு, ரூத்து, உரியாவின் மனைவி என்று நான்கு பெண்கள் வருகிறார்கள். அவர்களிற் சிலருடைய கதை, நம் ஊர்க் கிணற்றடியிலே காதோடு காதாகப் பேசப்படும் கதை. அவர்களை மறைக்காமல் மீட்பரின் தலைமுறைப் பட்டியலிலே நற்செய்தியாளர் சேர்த்து வைத்தார். அதை ஆண்டுதோறும் வாசித்த அதே திருச்சபையின் 1917ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பு, திருமணத்துக்கு வெளியே பிறந்த மகன் குருவாக வேண்டுமானால் அவனுடைய பிறப்பை ஒரு தடையாகக் கணித்து, விலக்குப் பெற வேண்டுமென்றது. 1983ஆம் ஆண்டின் புதிய சட்டத்தொகுப்பிலே அந்தத் தடை நீக்கப்பட்டது. அதுவரை, தான் செய்யாத ஒன்றுக்காக எத்தனை பிள்ளைகள் தலைகுனிந்து நின்றனவோ?

2015ஆம் ஆண்டிலே இந்திய உச்ச நீதிமன்றத்திலே ஒரு வழக்குத் தீர்க்கப்பட்டது. திருமணமாகாத ஒரு தாய், பிள்ளையின் தகப்பனின் பெயரை வெளியிடாமலே அப்பிள்ளையின் பாதுகாவலராக உரிமை கேட்டார். நீதிமன்றம் அதற்கு இணங்கியது. அந்தத் தாய் ஒரு கிறிஸ்தவப் பெண். அவருடைய பெயரை நீதிமன்றம் வெளியிடவில்லை. ஹெஸ்ரரை மேடையேற்றிய ஊரார் கேட்ட அதே கேள்விக்கு, பதில் சொல்ல வேண்டியதில்லை என்று ஒரு நீதிமன்றம் சொல்வதற்கு இத்தனை காலம் ஆயிற்று.

நம் குடாநாட்டின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். 2009ஆம் ஆண்டிலே முடிந்த நீண்ட போர் எத்தனையோ பெண்களைத் தனித்து நிற்க வைத்தது. கணவன் இறந்தவர்கள், காணாமற் போனவர்கள், விட்டுப் போனவர்கள். அவர்களிற் சிலர் தனிமையிலே ஏமாற்றப்பட்டுப் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அந்தப் பெண் பூசைக்கு வந்து பின்வாங்கிலே இருக்கும்போது திரும்பிப் பார்க்கும் கண்கள் நம்முடையவை. அந்தப் பிள்ளை நம் பிள்ளையோடு விளையாட வந்தால் உள்ளே கூப்பிட்டுக்கொள்ளும் குரலும் நம்முடையது. கலியாணம் பேசும்போது அந்த வீட்டைத் தவிர்த்துப் போகும் கால்களும் நம்முடையவை.

சட்டம் இயற்றுவது நம் கையிலே இல்லை. புற்றுநோய் நிலையம் கட்டும் வலிமையும் நமக்கு இராது. ஆனால் முத்துலட்சுமி அம்மையார் செய்தவற்றிலே ஒன்று நம் எல்லாராலும் இயலும். பிள்ளைகள் வந்து கதவைத் தட்டியபோது அவர் குலத்தைக் கேட்கவில்லை, தகப்பனின் பெயரைக் கேட்கவில்லை. சாப்பிட்டீர்களா என்று கேட்டு உள்ளே அழைப்பதுதானே தாய் செய்யும் காரியம்? உங்கள் ஒழுங்கையிலும் அப்படி ஒரு தாயும் பிள்ளையும் இருப்பார்கள். இந்த ஞாயிறு பூசை முடிந்து வீடு திரும்புகையிலே, அவர்களுடைய படலையிலே சிறிது நேரம் நின்று சுகம் விசாரித்துவிட்டுப் போங்கள். மற்றவர்கள் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.